புங்க எண்ணெய் ஊறிய இரண்டு வட்டுகள்

மூடியைத் திறந்ததும் வாசனைதான் முதலில் வந்தது. புங்க எண்ணெயின் கசப்பு வாசனை. நாற்பது வருஷம் அதற்குள்ளேயே வேலை செய்தவன் நான். சாதாரணமாக அது என் மூக்குக்குத் தெரியவே தெரியாது. முந்தாநாள் தெரிந்தது. உன் மோட்டார் சைக்கிளின் கருவிப் பெட்டிக்கு அடியில், கந்தல் துணியில் சுற்றி நீ வைத்திருந்த தகர டப்பா அது. உள்ளே எருமைத் தோலில் வெட்டிய இரண்டு வட்டுகள். உள்ளங்கையில் அடங்கும் அளவு, நடுவில் துளை. வெட்டிய கை என்னுடையது. விளிம்பைப் பார்த்தாலே போதும், நான் கத்தியை எப்போதும் சற்று உள்பக்கம் சாய்த்துத்தான் பிடிப்பேன்.

டப்பாவின்மேல் சீட்டு ஒட்டியிருந்தாய். கம்பவுண்டர் புத்தி. வீட்டு உப்பு ஜாடிக்குக்கூட 'உப்பு' என்று எழுதி ஒட்டியவன் ஆயிற்றே நீ. இந்தச் சீட்டில், இடது கையால் எழுதிய கோணல் எழுத்தில், இரண்டே சொற்கள்: 'புங்க எண்ணெய்.'

ஆக, உனக்குத் தெரிந்திருக்கிறது. பதினோரு வருஷமாக.

நீ போய் நாற்பது நாள் ஆகிறது. கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் ஒரு பிடி மண் போட்டார்கள், நானும் போட்டேன். அழுகை வரவில்லை. என்னைவிட இரண்டு வயது சின்னவன் முந்திக்கொண்டாயே என்று உன்மேல் கோபம்தான் வந்தது. போன வாரம் உன் வீட்டுக்காரி ஆள் வைத்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து என் வாசலில் நிறுத்தினாள்.

"அண்ணா, மருமவன் கேக்குறாரு. கணியம்பாடி பக்கம் ஊர் ஊரா போயி அம்மை குத்துற வேலை. நடந்து முடியல. இத எடுத்துக்கறேன்றாரு. எம் பொண்ணும் பின்னாடி உக்காந்துதான் போவா. முன்னாடி இருக்குற கவட்ட மட்டும் ஒரு வாட்டி பிரிச்சுப் பாத்துக் குடுங்க. வேற யார்கிட்ட குடுக்கவும் எனக்கு மனசு வரல."

சரி என்றேன். வேறு என்ன சொல்வேன்?

துரை ஒருவர் கப்பலேறும்போது உன்னிடம் விட்டுவிட்டுப் போன வண்டி. அப்போதே பழசு. முன்சக்கரத்தைப் பிடித்து நிற்கும் இரும்புக் கவடு, அதன் தலைமாட்டில் ஒரு பெரிய ஸ்பிரிங். சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறினால் ஸ்பிரிங் அமுங்கி எழும்பும். எழும்பியது துள்ளிக்கொண்டே இருந்தால் வண்டி நிலைகொள்ளாது. அதனால் கவட்டின் பக்கத்துக்கு ஒரு வட்டை இரும்புத் தகடுகளுக்கு நடுவே வைத்து நட்டால் இறுக்கியிருப்பார்கள். வட்டு உரசிப் பிடித்துத் துள்ளலை அடக்கும். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு மாதிரி. இதெல்லாம் அன்று எனக்குத் தெரியாது என்று எழுதத்தான் முதலில் பேனாவை எடுத்தேன். தெரியும். நீ படித்துச் சொல்லியிருந்தாய்.

வண்டியோடு வந்த வட்டுகள் தேய்ந்து சிப்பியாகிவிட்டன. பட்டணத்துக்கு எழுதிப் போட்டாய், பதில் வரவில்லை. நான்தான் சொன்னேன், "ஆம்பூர்ல உக்காந்துகிட்டு ஒரு துண்டு தோலுக்குப் பட்டணத்தப் பாக்கறியே, வெக்கமா இல்ல?" செருப்பின் அடிப்பாகத்துக்குப் போகும் கெட்டியான எருமைத் தோலில் நானே வெட்டிக் கொடுத்தேன். நன்றாகத்தான் பிடித்தது. ஆனால் சத்தம் போட்டது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு கீச்சு. நீ தெருமுனையில் திரும்பும்போதே தோல் பதனிடும் எங்கள் ஷாப்பு வரைக்கும் கேட்கும்.

அங்கே மத்தியானம் நாங்கள் சோறு தின்பது ஆவாரம்பட்டை அடுக்கிய கொட்டகையில். அத்தனை பேரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். "இன்னாபா, உன் தோலு அழுவுது. பசிக்குதோ?"

உனக்கு அது வேடிக்கை. எனக்கு அப்படி இல்லை. நான் பள்ளிக்கூடம் போகாதவன். பட்டை மூட்டைகளின்மேல் எழுதியிருந்ததைப் பார்த்துப் பார்த்து எழுத்து கற்றவன். மேஸ்திரி வேலை எனக்கு வரவேண்டியது. இங்கிலீஷ் படிக்கத் தெரியும் என்ற ஒரே காரணத்துக்காக, பதம் போன தோலையும் நல்ல தோலையும் தொட்டுப் பார்த்துப் பிரிக்கத் தெரியாத ஒருவனுக்குக் கொடுத்தார்கள். அது அநியாயம் என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். எனக்கென்று இருந்தது ஒன்றுதான்: தோலுக்கு எண்ணெய் கொடுப்பதில் இந்தச் சுற்றுவட்டாரத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை. அந்த என் தோல் நடுத்தெருவில் கீச்சிடுகிறது என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கும் உனக்கு. கோயிலிலிருந்து நேராக என் வீட்டுப் பின்கட்டுக்கு வந்தாய். தோல் சீவும் மரக்கட்டையை என்ஜினுக்கு அடியில் கொடுத்து வண்டியைத் தூக்கி நிறுத்தினோம். சக்கரத்தைக் கழற்றினேன். ஸ்பிரிங்கை நீ இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள, நான் நட்டைத் தளர்த்தினேன். கவடு ஆடுகிற இடங்களில் இருக்கும் இரும்பு ஆணிகளை உருவி, மண்ணெண்ணெயில் கழுவி, வெயிலில் துணிமேல் பரப்பினோம். நீ துரையின் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாய். நான் புங்க எண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தேன்.

"அது எதுக்கு?" என்றாய்.

"எண்ண காணாத தோலு வெடிக்கும். அதான் கத்துது."

"கத்துனா கத்திட்டுப் போவுது. இங்க பாரு, எழுதியிருக்கான். வட்டு மேல எண்ண, கிரீஸ் எதுவும் படக் கூடாதுன்றான்."

"எழுதுனவன் எருமத் தோலக் கண்டானா?"

"எருமையக் கண்டானோ இல்லியோ, வண்டியக் கண்டிருக்கான் இல்ல?" நீ சிரித்தாய். "ஆணிக்கெல்லாம் கிரீஸ் குடு, வேணாங்கல. வட்டுக்கு வேணாம்யா. அது வழுக்கறதுக்கு இல்ல, புடிக்கறதுக்கு."

அதில் ஏளனம் ஒன்றும் இல்லை. எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டேன், ஏளனம் இல்லவே இல்லை. ஆனால் உன் விரல் அந்த இங்கிலீஷ் வரியின்மேல் இருந்தது. எனக்கு அந்த விரல்தான் தெரிந்தது.

"சரி, விடு" என்றேன்.

சற்று நேரத்தில் மருந்துச்சாலையிலிருந்து ஆள் வந்து உன்னைக் கூப்பிட்டான். "நீ பூட்டி வையி, சாயந்தரம் வர்றேன்" என்று போனாய். உன் தலை மறைந்ததும் நான் கிண்ணத்தை அடுப்பின் ஓரத்தில் வைத்து எண்ணெயைச் சூடு காட்டினேன். வட்டுகளை அதில் போட்டேன். வறண்ட தோல் எண்ணெய் குடிப்பதைப் பார்ப்பது எனக்கு எப்போதுமே பிடிக்கும். ஓரம் முதலில் கறுக்கும், பிறகு கறுப்பு மெல்ல நடுவுக்கு நகரும். இரண்டும் வயிறு நிறையக் குடித்தன. மேலே துடைத்துவிட்டு மாட்டினேன்.

சாயந்தரம் வந்து கைப்பிடியைப் பிடித்து அமுக்கிப் பார்த்தாய். கவடு சத்தமில்லாமல் இறங்கி ஏறியது.

"சத்தமே இல்லியே. இன்னா செஞ்ச?"

"நட்ட இறுக்கினேன்."

"எண்ண கிண்ண வுடலியே?"

"இல்லன்னா இல்ல. எத்தினி வாட்டி கேப்ப?"

என் தோளில் தட்டினாய். "பொழச்சோம் போ. உன் தோலுக்கு இன்னிக்குத்தான் புத்தி வந்திருக்கு."

மறுநாள் நீயும் உன் வீட்டுக்காரியும் அவள் அக்காளைப் பார்க்க ஒடுகத்தூருக்குக் கிளம்பினீர்கள். மாதனூர் தாண்டி, சாலை ஒரு கானாற்றில் இறங்கி ஏறும் இடம் இருக்கிறதே, தண்ணீர் இல்லாத நாளில் வெறும் கல்லும் வண்டிச் சுவடும்தான். அங்கேதான்.

பின்னால் வேர்க்கடலை ஏற்றி வந்த வண்டிக்காரர் ஒருவர்தான் சேதியை எங்கள் ஷாப்புக்குக் கொண்டுவந்தார். உன் வீட்டுக்காரிக்கு முழங்கையில் சிராய்ப்பு. உனக்கு வலது மணிக்கட்டு போய்விட்டது. அவர் கையால் காட்டினார்: "தவள மாதிரிங்க. எறங்கனதும் முன்னாடி ஒரு துள்ளு, ரெண்டு துள்ளு, மூணாவது துள்ளுல ரெண்டு பேரையும் வீசிடுச்சி."

அந்தக் கை மேலும் கீழுமாக ஆடியதைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. பட்டைக் கொட்டகையில் பத்துப் பேர் இருந்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், வண்டியைப் பிரித்துப் பூட்டியவன் நான் என்பதால். எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. உண்மையைச் சொல்லியிருக்கலாம், இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டாவது இருந்திருக்கலாம்.

"அவனுக்குக் கை பழகல. அப்பவே சொன்னேன், கேட்டாத்தான? படிச்சவன் இல்ல?" என்றேன்.

அந்த 'படிச்சவன் இல்ல?' இன்னும் என் காதில் இருக்கிறது. எல்லோரும் சிரித்தார்கள். மேஸ்திரி பதவி எனக்கு வராமல் போன பிறகு என் பேச்சுக்கு அவர்கள் சிரித்தது அன்றுதான். அன்றே உனக்குத் தவளைக் கம்பவுண்டர் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்தேன். கை முழுக்கக் கட்டு. "எறங்கும்போது முன்னாடி புடிப்பே இல்லய்யா" என்று என் முகத்தைப் பார்த்தாய்.

"ரோடு அப்படி" என்றேன்.

நீ "ஆமா, ரோடு" என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாய்.

மணிக்கட்டு கோணலாகத்தான் கூடியது. மருந்து அளக்கும் கண்ணாடிக் குவளையைத் தூக்கினால் கை நடுங்கும். மருந்து கலக்கும் மேசையிலிருந்து உன்னை எடுத்துவிட்டார்கள். வாசலில் நின்று நோயாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வேலை கொடுத்தார்கள். ஒரு மழைக்காலம் எனக்கு இருமல் பிடித்து அங்கே வந்து வரிசையில் உட்கார்ந்திருந்தேன். என் பெயரை நீதான் கூப்பிட்டாய். மற்றவர்களைக் கூப்பிட்ட அதே குரல், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. உள்ளே புது ஆள் மருந்து கலக்கிக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு எந்த நோய்க்கும் நான் அங்கே வந்ததில்லை. நாட்டு மருந்துதான் ஒத்துக்கொள்கிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன்.

கை கூடின பிறகு நீ மறுபடி வண்டி எடுத்தாய், தனியாக, மெதுவாக. ஒரு நாள் தெருமுனையில் பழைய கீச்சு கேட்டது. வட்டை மாற்றியிருக்கிறாய் என்று புரிந்தது. எண்ணெய் ஊறினதைக் கண்டுதான் மாற்றினாயா, தேய்ந்ததால் மாற்றினாயா என்று கேட்டுக்கொள்ள நான் துணியவில்லை. தேய்ந்திருக்கும் என்று வைத்துக்கொண்டேன். நீ விளக்குக்கு, செயினுக்கு, ஹாரனுக்கு, எல்லாவற்றுக்கும் என்னிடம் வந்தாய்; சரிசெய்து தெருக்கோடி வரை நானே ஓட்டிப் பார்த்துத் தருவேன். கவட்டுக்கு மட்டும் ஒரு தரமும் வரவில்லை. அதையும் நான் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

உன்னிடம் எனக்கு ஒரு வழக்கு உண்டு, கேள். ஏன் நீ கத்தவில்லை? டப்பாவை என் முகத்தில் எறிந்து, 'பொய் சொன்னியேடா' என்று நடுத்தெருவில் என் சட்டையைப் பிடித்திருந்தால் நானும் கத்தியிருப்பேன், சண்டை போட்டிருப்பேன், ஒரு மாதம் கழித்து ஏதோ ஒரு விதத்தில் ஒப்புக்கொண்டும் இருப்பேன். நீ சீட்டு எழுதி ஒட்டிப் பத்திரப்படுத்தினாய். நானே வந்து சொல்வேன் என்று காத்திருந்தாயா? என் பிடிவாதம் தெரிந்தும் காத்திருந்தாயா? இப்படி எழுதும்போதே தெரிகிறது, இதிலும் நான் உன்மேல்தான் குற்றம் தேடுகிறேன்.

டப்பாவை எடுத்துக்கொண்டு நேற்று உன் வீட்டுக்குப் போனேன். உன் வீட்டுக்காரி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணெய், பொய், கொட்டகையில் சொன்னது, ஒன்று விடாமல். முறம் நின்றுவிட்டது.

"நீங்களா?" என்றாள். "வேகமா போனதாலதான்னு நான் நெனச்சேண்ணா. கை வலிக்குதுன்னு சொல்லும்போதெல்லாம், 'பறந்தீங்க இல்ல, அனுபவிங்க'ன்னு ஏசுவேன். ஒரு வாட்டியும் எதுத்துப் பேசல அவரு. சாவறதுக்கு மொத வாரம்கூட ஏசினேன்" என்றாள்.

அவள் முறத்தைத் தரையில் வைத்தாள்.

"பதினோரு வருஷம் அந்த வண்டியில நான் உக்காரல. 'வாயேன், மெதுவா போறேன்'னு கூப்பிடுவாரு. வரமாட்டேன்னுடுவேன். ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா அண்ணா? அவர்கிட்ட வேணாம். எங்கிட்ட."

வண்டியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

"எதுக்கு? நீங்களே பூட்டுங்க. பூட்டிட்டு அதே கானாத்துல எறக்கி ஏத்திக் காட்டுங்க. நான் வந்து நின்னு பாக்கணும். அப்புறம்தான் எம் பொண்ணு அதுல ஏறுவா."

அங்கிருந்து நேராகப் பழைய ஷாப்புக்குப் போனேன். அன்றைய பத்துப் பேரில் மூன்று பேர்தான் இன்னும் வேலையில் இருக்கிறார்கள். பட்டைக் கொட்டகையில் சோற்றுத் தூக்கைத் திறந்துகொண்டிருந்தார்கள். உன்னை நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

"யாரு, தவளக் கம்பவுண்டரா? தங்கமான மனுசன். வண்டி ஓட்டத்தான் வராது, பாவம்."

சொன்னேன். டப்பாவைத் திறந்து காட்டினேன். ஒருவன் வட்டை மோந்து பார்த்துவிட்டு மற்றவனிடம் கொடுத்தான். மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் வயதானவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தோஸ்த்துன்னா இப்படி இருக்கணும். செத்தவன் பேரு கெடக் கூடாதுன்னு பழிய நீ ஏத்துக்கற. உனக்கு இருக்கற மனசு எவனுக்கும் வராது" என்றான்.

இல்லை என்றேன். கத்தினேன். தோலுக்கு எண்ணெய் கொடுக்கிற கைக்கு அப்படித் தப்பு வருமா என்று சிரித்தார்கள். உட்கார், ஒரு வாய் சாப்பிட்டுப் போ என்றார்கள். என்னை வாழ்நாளெல்லாம் யாரும் நம்பவில்லை, மதிக்கவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தவன் நான். அவர்கள் என்னை எவ்வளவு நம்பியிருக்கிறார்கள் என்று நேற்றுத்தான் தெரிந்தது. தப்பிச் சாலைக்கு ஓடிவந்தேன். நாளைக்கும் போவேன், மறுநாளும் போவேன். நம்புகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருப்பேன். பிடிவாதம் எனக்கு இருப்பது இதற்காவது உதவட்டும்.

இன்று காலை கவட்டைப் பிரித்தேன். அதே மரக்கட்டை, அதே மண்ணெண்ணெய்த் தட்டு. ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொள்ள ஆளில்லாமல் முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டேன். ஆணிகளுக்குக் கிரீஸ் வைத்தேன். நீ மாட்டியிருந்த வட்டுகள் தேய்ந்திருந்தன. அவையும் எருமைத் தோல்தான். ஒற்றைக் கையால் வெட்டியிருக்கிறாய், விளிம்பெல்லாம் பல் பல்லாக இருக்கிறது. புதிதாக இரண்டு வெட்டினேன். கையை மூன்று முறை சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவி, துணியில் துடைத்து, வெயிலில் காயவிட்டு, அப்புறம்தான் அவற்றைத் தொட்டேன். வறண்ட தோலை அப்படியே மாட்டுவது என் கைக்கு ஆகவில்லை. மாட்டினேன்.

உன் வீட்டுக்காரி பஸ்ஸில் வந்து கானாற்றுக் கரையில் நின்றிருந்தாள். நான் இறங்கினேன். கல்லில் முன்சக்கரம் ஏறி விழுந்தது, கவடு அமுங்கியது, எழும்பியது, நின்றது. கீச்சென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். அக்கரையில் ஏறித் திரும்பிப் பார்த்தேன்.

"இன்னொரு வாட்டி" என்றாள்.

இறங்கி ஏறினேன். "இன்னொரு வாட்டி" என்றாள் மறுபடியும். எத்தனை முறை என்று நான் எண்ணவில்லை. கடைசியில் அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போதும். மருமவன்கிட்ட குடுத்துடுங்க" என்று பஸ்ஸுக்கு நடந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

திரும்பி வரும் வழியில் மாதனூருக்கு இந்தப் பக்கம் கடலைக் கொல்லையில் செடி பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் வண்டி கீச்சிட்டது. ஒருத்தி நிமிர்ந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: "இன்னா பெரியவரே, வண்டி இந்தக் கத்து கத்துது? கொஞ்சம் எண்ண வுடக் கூடாதா?"

"கத்துனா கத்திட்டுப் போவுது" என்றேன்.